பிரேக் கணக்கு எங்கே உதைக்கிறது? விடையை வைத்தே பிழையைப் பிடிக்கும் வழி

பிரேக் போடும் வண்டிக் கணக்குகள் எல்லாமே நான்கு சமன்பாடுகளுக்குள் அடங்கிவிடும். ஆனாலும் விடை தப்பும். தப்பிய விடையை அடித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி போடுவதுதான் பலர் வழக்கம். அப்படிப் போட்டால் அதே இடத்தில் அதே தப்பு திரும்ப வரும். தப்பான விடையை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். அது சரியான விடையைப் போல எத்தனை மடங்கு, என்ன குறியோடு வந்திருக்கிறது, எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், எந்த வரியில் சறுக்கினோம் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

கீழே பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கப்போகிறோம்: நேர்ச் சாலையில் மணிக்கு 72 கி.மீ வேகத்தில் போகும் கார். பிரேக் போட்டதும் 5 மீ/வி² எதிர்முடுக்கம், அதாவது ஒவ்வொரு வினாடியும் வேகம் 5 மீ/வி குறையும். சரியான விடை: 4 வினாடியில் நிற்கும், அதற்குள் 40 மீட்டர் ஓடியிருக்கும்.

குறியீடுகளை வகுப்பில் வாய்விட்டுப் படிப்பதுபோலவே எழுதுகிறோம். தொடக்கத் திசைவேகம் (திசையும் சேர்ந்த வேகம்) யூ, இறுதித் திசைவேகம் வீ, முடுக்கம் ஏ, நேரம் டீ, இடப்பெயர்ச்சி எஸ்.

வீ = யூ + ஏ×டீ
எஸ் = யூ×டீ + ½×ஏ×டீ²
வீ² = யூ² + 2×ஏ×எஸ்
எஸ் = ½×(யூ + வீ)×டீ

இலங்கைப் பாடக்குறிப்புகளை வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே ‘வேகம்’ என்றால் நம் திசைவேகம். நாம் வேகம் என்பதை அவர்கள் ‘கதி’ என்பார்கள். ஆர்முடுகல் முடுக்கம், அமர்முடுகல் எதிர்முடுக்கம். ஒரே சொல் இரண்டு பக்கமும் வேறு பொருளில் வருவதால், குறி போடும்போது இது காலை வாரிவிடும்.

நிற்கும் தூரம் 518 மீட்டர் என்று வருகிறது

அலகு மாற்றவில்லை. 72-ஐ அப்படியே போட்டு வர்க்கப்படுத்தினால் 5184. அதை 10-ஆல் (2×5) வகுத்தால் 518.4. சரியான விடையைப் போல ஏறக்குறைய 13 மடங்கு. துல்லியமாகச் சொன்னால் 12.96 மடங்கு, அதாவது 3.6-இன் வர்க்கம். தூரத்துக்கான சமன்பாட்டில் திசைவேகம் வர்க்கமாக வருவதால் 3.6 இரண்டு தடவை பெருகிவிடுகிறது. நேரம் கேட்டிருந்தால் 4-க்குப் பதில் 14.4 வினாடி வரும். அங்கே பிழை 3.6 மடங்கு மட்டும். ஆக, தூரம் 13 மடங்கு அல்லது நேரம் 3.6 மடங்கு என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

மணிக்குக் கிலோமீட்டரை 5/18-ஆல் பெருக்கினால் மீ/வி. 18, 36, 54, 72, 90, 108 என்ற வரிசைக்கு 5, 10, 15, 20, 25, 30 என்று மனப்பாடமாக இருந்தால் பாதிக் கணக்குகளில் பெருக்கவே தேவையில்லை. கேள்வி தயாரிப்பவர்களும் இந்த எண்களைத்தான் விரும்பி எடுப்பார்கள். 18/5-ஆல் பெருக்கித் தலைகீழாக மாற்றியவர்களுக்குக் கார் 6.7 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். அது தானாகவே கண்ணில் படும்.

‘வினாடிக்கு மணிக்கு 18 கி.மீ வீதம் வேகம் குறைகிறது’ என்று எதிர்முடுக்கத்தையே கலப்பு அலகில் கொடுக்கும் கணக்குகளும் உண்டு. நேரம் மட்டும் வேண்டுமானால் 72-ஐ 18-ஆல் நேராக வகுத்துவிடலாம், 4 வினாடி. தூரம் வேண்டுமானால் இரண்டையும் மீட்டருக்கு மாற்றியே ஆக வேண்டும்.

விடையில் மைனஸ் வருகிறது: −40 மீட்டர், −4 வினாடி

ஏ-க்கு +5 போட்டிருக்கிறீர்கள். வண்டி போகும் திசையை ‘+’ என்று வைத்தால் பிரேக் தரும் முடுக்கம் அதற்கு எதிர்த்திசையில், ஆகவே −5.

மைனஸை அழித்துவிட்டு 40 என்று எழுதினால் இந்தக் கணக்கில் மதிப்பெண் கிடைக்கலாம். அடுத்த கணக்கு விடாது. ‘பிரேக் போட்ட முதல் 2 வினாடியில் எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால், அதே பழக்கத்தில் 40 + 10 = 50 மீட்டர் வரும். மைனஸே இல்லை, விடை பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் மொத்தமே 40 மீட்டரில் நிற்கும் கார் 2 வினாடியில் எப்படி 50 மீட்டர் போகும்? சரியான விடை 40 − 10 = 30 மீட்டர்.

இன்னொரு வகையும் உண்டு. பிரேக்குக்கென்று தனியாக ‘வீ = யூ − ஏ×டீ’ என்று ஒரு சூத்திரம் மனப்பாடம் செய்து, அதில் ஏ-க்கு −5 போடுவார்கள். இரண்டு மைனஸும் சேர்ந்து பிளஸ் ஆகிவிடும். பிரேக் மிதிக்க மிதிக்க கார் வேகமெடுக்கும். சூத்திரம் ஒன்றே இருக்கட்டும். குறியை எண்ணோடு சேர்த்து, அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

சரியாக இரண்டு மடங்கு: 80 மீட்டர்

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். மூன்றாவது சமன்பாட்டில் ‘2’ விட்டுப்போயிருக்கும் (400/5). இல்லையென்றால் 20-ஐ 4-ஆல் பெருக்கியிருப்பீர்கள். கார் 4 வினாடியும் 20 மீ/வி வேகத்திலேயே ஓடவில்லை. 20-இலிருந்து சுழிக்கு ஒரே சீராக இறங்கியது. சராசரி 10. நான்காவது சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. எந்த பிரேக் கணக்கையும் சரிபார்க்க அதுவே சுருக்கு வழி: தொடக்க வேகத்தில் பாதி, நிற்கும் நேரத்தால் பெருக்கு.

ஆனால் ‘பாதி’யை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. பாதி நேரத்தில் வேகம் பாதியாகும், சரி. அதற்குள் தூரம் முக்கால்வாசி, 30 மீட்டர், முடிந்திருக்கும். பாதித் தூரத்தில், அதாவது 20 மீட்டரில், வேகம் 10 இல்லை. 20-ஐ √2-ஆல் வகுத்து வரும் 14.1 மீ/வி.

5 வினாடியில் போன தூரம் 37.5 மீட்டர் என்று வருகிறது

மற்ற பிழைகள் கவனக்குறைவால் வருகிறவை. இது கவனமாகப் போட்டாலும் வரும். யூ = 20, ஏ = −5, டீ = 5. பிரதியிட்டால் 100 − 62.5 = 37.5. அலகு சரி, குறி சரி, பெருக்கல் சரி. விடை தப்பு. சரியான விடை 40.

8 வினாடி போட்டுப் பாருங்கள்: 160 − 160 = 0. பிரேக் போட்ட இடத்துக்கே கார் திரும்பி வந்துவிட்டது! 10 வினாடி போட்டால் −50. இன்னும் பின்னால் போய்விட்டது. முடுக்கம் −5 என்பது எப்போதும் நீடிக்கும் என்று சமன்பாடு எடுத்துக்கொள்கிறது. 4-ஆம் வினாடிக்குப் பிறகு பிரேக்கே காரைப் பின்னோக்கித் தள்ளுவதாகக் கணக்குப் போடுகிறது.

நிஜத்தில் பிரேக் எதையும் தள்ளாது. டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு இயக்கத்தை எதிர்க்கும். சமதளத்தில் இயக்கம் நின்றதும் எதிர்க்க ஒன்றுமில்லை, உராய்வும் சுழி, முடுக்கமும் சுழி. மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நின்றுவிட்டுத் திரும்பி விழுகிறதே என்றால், அங்கே புவியீர்ப்பு உச்சியிலும் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. பந்துக்குச் சரியான சமன்பாடு காருக்கு 4 வினாடி வரைதான் சரி.

அதனால் பிரேக் கணக்கில் நேரம் கொடுத்திருந்தால் முதல் வரி இதுதான்: நிற்கும் நேரம் = யூ/எதிர்முடுக்கம். கொடுத்த நேரம் அதைவிடக் கூடுதலா என்று பாருங்கள். கூடுதல் என்றால் கொடுத்த நேரத்தை ஒதுக்கிவிட்டு நிற்கும் நேரத்தைப் போடுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வானால், 37.5-ஐயும் ஒரு விடையாக வைத்திருப்பார்கள் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். திசைவேகம்–நேரம் வரைபடம் போட்டுப் பழகியவர்கள் இங்கே விழ மாட்டார்கள். 20-இலிருந்து சரியும் கோடு 4-இல் நேர அச்சைத் தொடும். அதற்குமேல் கோடு அச்சின் மேலேயே படுத்துக்கொள்ளும். முக்கோணத்தின் பரப்பு ½ × 4 × 20 = 40.

‘5-ஆவது வினாடியில் மட்டும் எவ்வளவு?’ என்பது இதன் தம்பி. என்-ஆவது வினாடிச் சூத்திரம், யூ + ஏ×(என் − ½), −2.5 என்று தரும். சரியான விடை சுழி.

ஒவ்வொரு வினாடியாகப் பிரித்தால் இந்தக் கார் 17.5, 12.5, 7.5, 2.5 மீட்டர் ஓடுகிறது. விகிதம் 7:5:3:1. நிலையிலிருந்து விழும் பொருளுக்குக் கலீலியோ சொன்ன ஒற்றைப்படை எண் வரிசை, தலைகீழாக. பிரேக் கணக்கைப் படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டுவதுபோலப் பார்த்தால், அது நிலையிலிருந்து 5 மீ/வி² முடுக்கத்தோடு கிளம்பும் காரின் கணக்கு. ‘நிற்பதற்கு முந்தைய கடைசி வினாடியில் எவ்வளவு தூரம்?’ என்ற கேள்விக்குத் தொடக்க வேகமே வேண்டியதில்லை: ½ × 5 × 1² = 2.5 மீட்டர், அவ்வளவுதான்.

வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண்

‘50 மீட்டர் தாண்டும்போது வேகம் என்ன?’ 400 − 500 = −100. கூட்டல் கழித்தலைத் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். கார் 50 மீட்டரை எட்டவே இல்லை, 40-இலேயே நின்றுவிட்டது. சாலையில் கிடக்கும் மரத்தில் மோதுமா என்ற கணக்கில் இந்த மைனஸ்தான் ‘மோதாது’ என்ற விடை.

புத்தக விடையைவிட 14 மீட்டர் குறைகிறது

குறையும் அளவைத் தொடக்க வேகத்தால் வகுத்துப் பாருங்கள். 14/20 = 0.7. கேள்வியில் எங்காவது ‘0.7 வினாடி’ என்று இருந்தால் எதிர்வினை நேரத்தை விட்டுவிட்டீர்கள். ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்ததிலிருந்து பிரேக்கில் கால் அழுந்தும் வரை கார் அதே 20 மீ/வி வேகத்தில் போகிறது. அந்தத் துண்டுக்கு முடுக்கம் சுழி. மொத்தம் 14 + 40 = 54.

0.7-ஐ 4-உடன் கூட்டி 4.7 என்று ஒரே சமன்பாட்டில் போடுகிறவர்கள் உண்டு. முடுக்கம் மாறும் இடத்தில் கணக்கை வெட்டியே ஆக வேண்டும். ஒரு சமன்பாட்டுக்குள் ஒரு முடுக்கம்தான் இருக்க முடியும்.

தலைகீழாகவும் கேட்பார்கள்: தடை 54 மீட்டரில் இருக்கிறது, எதிர்வினை நேரம் 0.7 வினாடி, எதிர்முடுக்கம் 5. மோதாமல் நிற்க அதிகபட்ச வேகம் என்ன? 0.7×யூ + யூ²/10 = 54. பத்தால் பெருக்கினால் யூ² + 7×யூ − 540 = 0. மூலங்கள் 20, −27. இரண்டாவது, பின்னோக்கிப் போகும் காருக்கு, தள்ளிவிடலாம்.

எதிர்வினை நேரமும் எதிர்முடுக்கமும் இரண்டுமே தெரியாத கணக்குதான் பலரை நிறுத்திவைக்கிறது. ‘10 மீ/வி வேகத்தில் மொத்தம் 17 மீட்டர், 20 மீ/வி வேகத்தில் 54 மீட்டர்’ என்று மட்டும் கொடுப்பார்கள். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு என்று படித்தோமே, 17-க்கு 68 அல்லவா வர வேண்டும் என்று குழம்புவார்கள். நான்கு மடங்காவது பிரேக் தூரம் மட்டும். எதிர்வினைத் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும். எதிர்வினை நேரத்தை ‘டீ’ என்றும் 1/(2×எதிர்முடுக்கம்) என்பதை ‘கே’ என்றும் வைத்தால்:

10×டீ + 100×கே = 17
20×டீ + 400×கே = 54

முதல் வரியை இரட்டித்துக் கழித்தால் 200×கே = 20. கே = 0.1, எதிர்முடுக்கம் 5, எதிர்வினை நேரம் 0.7.

வேகம் கொஞ்சம்தான் கூடியது, விடை ஏன் இவ்வளவு எகிறுகிறது?

இதில் பிழையே இல்லை. நம்ப முடியாமல் சரியான விடையை அடித்துவிடுகிறார்கள். மணிக்கு 50 கி.மீ-இல் வரும் காரும் 60-இல் வரும் காரும் ஒரே இடத்தில், ஒரே எதிர்முடுக்கத்தோடு பிரேக் பிடிக்கின்றன. முதல் கார் நிற்கும் இடத்தில் இரண்டாவது எந்த வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? 10 என்று தோன்றும். √(3600 − 2500) = √1100, ஏறத்தாழ 33 கி.மீ/மணி. விகிதக் கணக்கு என்பதால் அலகு மாற்றவும் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒரே அலகு இருந்தால் போதும்.

இரண்டு வண்டிக் கணக்கில் மோதுமா மோதாதா என்பதே மாறிப்போகிறது

முன்னால் லாரி, மாறாத 15 மீ/வி. பின்னால் 25 மீ/வி-இல் கார், 30 மீட்டர் இடைவெளியில் 2 மீ/வி² எதிர்முடுக்கத்தோடு பிரேக் பிடிக்கிறது. கார் முழுதாக நிற்க 625/4 = 156 மீட்டர் வேண்டும், 30-தான் இருக்கிறது, ஆகவே மோதும் என்று எழுதினால் தப்பு. லாரியும் ஓடிக்கொண்டிருக்கிறது. காரின் வேகம் லாரியின் வேகத்துக்கு இறங்கினாலே போதும். சார்புத் திசைவேகம், அதாவது லாரியிலிருந்து பார்த்தால் காரின் வேகம், 25 − 15 = 10; 100/4 = 25 மீட்டர் மட்டும் நெருங்கும். 5 மீட்டர் மிச்சம்.

இரண்டு வண்டியும் பிரேக் பிடித்தால் வேறு ஒரு குழி. ஒவ்வொன்றும் எங்கே நிற்கும் என்று தனித்தனியாகக் கண்டுபிடித்து ஒப்பிடுவது பாதுகாப்பான வழிபோலத் தெரியும். இதைப் பாருங்கள்: பின்னால் வரும் கார் 24 மீ/வி, எதிர்முடுக்கம் 8, 36 மீட்டரில் நிற்கும். முன்னால் 10 மீட்டர் தள்ளி லாரி 10 மீ/வி, எதிர்முடுக்கம் 1; 50 மீட்டர் ஓடி நிற்கும். காரின் இடத்திலிருந்து அளந்தால் கார் 36-இலும் லாரி 60-இலும் நிற்கும். மோதவே இல்லை என்று தோன்றுகிறதா? 2-ஆம் வினாடியில் பாருங்கள். கார் 32 மீட்டர் வந்துவிட்டது, லாரி 18 மீட்டர்தான் நகர்ந்திருக்கிறது. 14 மீட்டர் நெருங்கியாயிற்று; இருந்தது 10. நடுவழியிலேயே மோதிவிட்டது.

மிக நெருங்கும் கணம் எது? வேகங்கள் சமமாகும் கணம். இங்கே அது 2-ஆம் வினாடி, இரண்டும் 8 மீ/வி. அந்தக் கணம் இரண்டு வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தால் அங்கேதான் சோதிக்க வேண்டும். முன்வண்டி அதற்கு முன்பே நின்றுவிட்டால் மட்டும் நிற்கும் இடங்களை ஒப்பிடுவது சரி.

மோதும் நேரத்தைக் கேட்டால் 14×டீ − 3.5×டீ² = 10 என்ற இருபடிச் சமன்பாடு 0.93, 3.07 என்று இரண்டு விடை தரும். முதலாவதுதான். இரண்டாவது, மோதாமல் ஊடுருவிப் போய்விட்ட காரை லாரி மறுபடி முந்தும் நேரம். அதிலும் 3 வினாடியில் நின்றுவிட்ட காரைப் பின்னோக்கி ஓட்டிக் கிடைத்த எண்.

நிறை கொடுக்கவில்லை, அல்லது கொடுத்த நிறை எங்கும் பயன்படவில்லை

உராய்வுக் குணகம் கொடுத்திருந்தால் நிறை தேவையில்லை: எதிர்முடுக்கம் = குணகம் × புவியீர்ப்பு முடுக்கம். நிறை இருபுறமும் அடிபட்டுவிடும். பிரேக் விசையை நியூட்டனில் கொடுத்திருந்தால் நிறை வேண்டும்: 6000 நியூட்டன், 1200 கி.கி என்றால் 5 மீ/வி². அதே விசை, நிறை இரட்டிப்பு என்றால் நிற்கும் தூரமும் இரட்டிப்பு. இந்த இரண்டு வகைக் கேள்விகளையும் கலந்தால்தான் குழப்பம்.

கார் கணக்கில் எதிர்முடுக்கம் 50 என்று வந்தால் எங்கோ புள்ளி இடம் மாறியிருக்கிறது. காய்ந்த சாலையில் சாதாரணக் கார் அழுத்தி பிரேக் பிடித்தால் 7, 8 மீ/வி² வரும். ரயிலுக்கு அது ஒன்றை ஒட்டியோ அதற்கும் கீழேயோ இருக்கும்.

சரிவு இருந்தால் புவியீர்ப்பின் ஒரு கூறைக் கழிக்கவோ கூட்டவோ வேண்டும். 20-க்கு 1 சரிவில் அது 9.8/20 = 0.49. நம் காருக்கு இறக்கத்தில் எதிர்முடுக்கம் 4.51, நிற்கும் தூரம் 44.3 மீட்டர், ஏற்றத்தில் 5.49, தூரம் 36.4. உங்கள் விடை இந்த இரண்டில் தப்பான பக்கத்தில் இருந்தால் குறியை மட்டும் மாற்றினால் போதும்.

40.8 வருகிறது, புத்தகத்தில் 40

குணகம் 0.5 கொடுத்த கணக்காக இருக்கும். நீங்கள் 9.8 போட்டீர்கள், அவர்கள் 10 போட்டார்கள். அடுத்த கணக்குக்குப் போங்கள்.